டிரம்பெட்டுக்கு எந்த மவுத்பீஸ்?

டிரம்பெட்டில் ஒலி பிறப்பது வாசிப்பவரின் உதடுகளில். அந்த அதிர்வைக் குழாய்க்குக் கடத்துவது மவுத்பீஸ். அதில் உதடு அமரும் விளிம்பு, உட்கிண்ணம், கிண்ணத்தின் அடியிலுள்ள குறுகிய துளை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும்.

விளிம்பின் உள்விட்டம் பெரும்பாலும் 16 முதல் 17 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அகன்றதில் ஒலி கனக்கும்; உதட்டுத் தசையோ விரைவில் சோரும். இம்மியளவு வேறுபாட்டைக்கூட உதடு உடனே கண்டுகொள்ளும். கிண்ணம் ஆழமானால் நாதம் திரண்டு ஒலிக்கும். சிம்பொனிக்கு அதுவே பொருத்தம். ஆழம் குறைந்தால் ஒலி கூர்மையாகும். ஜாஸ் இசைக்குழுக்களில் உச்ச ஸ்வரங்களைப் பிடிக்கும் முதல் டிரம்பெட்காரர்கள் இதை நாடுவர். ஆனால் மூச்சும் பயிற்சியும் இல்லாதவருக்கு எந்தக் கிண்ணமும் மேல் ஸ்தாயியைத் தந்துவிடாது.

மவுத்பீஸின் அளவைக் குறிக்கும் எண்களும் எழுத்துகளும்தான் குழப்பும். வின்சென்ட் பாக் நிறுவன வரிசையில் எண் குறையக் குறைய விளிம்பு அகலும். எழுத்து கிண்ணத்தைக் குறிக்கும்: ‘ஏ’ ஆழமானது, ‘இ’ ஆழம் குறைந்தது. யமஹாவில் இரண்டுமே நேர்மாறு. தொடக்கநிலையினருக்கு வழக்கமாகக் கிடைப்பது பாக் 7சி. பலர் பின்னர் 5சி, 3சி என மாறுகிறார்கள்.

வாங்குமுன் சொந்த டிரம்பெட்டில் பொருத்தி, களைக்கும்வரை வாசித்துப் பார்ப்பது நல்லது. கடையில் ஐந்து நிமிடம் இனிப்பது, கச்சேரியின் பிற்பாதியில் கைவிடக்கூடும்.