காதடியில் கட்டிய நெறி

"டாக்டரம்மா, காதுல சொறி. வேப்பெண்ணெ தடவிகினுதான் வர்றேன், ஆறவே மாட்டேங்குது" என்றார் மண்ணிவாக்கத்துப் பெரியவர். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கால்நடை மருந்தகத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. அவர் இழுத்து வந்தது வெள்ளைச் செம்மறி, ஆறு வயதுப் பெட்டை. வலது காது நுனியில் பொருக்கு. பெயர்த்தால் அடியில் காலிஃபிளவர் மாதிரி சதை, ரத்தக் கசிவு. காதடியில் விரல் வைத்தேன். நெறி சின்ன எலுமிச்சங்காய்போல் புடைத்திருந்தது.

சதைத் துணுக்கை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். தோல் புற்று என்று பதில் வந்தது.

நம் செங்கல்பட்டுப் பக்கத்துச் செம்மறி இனம் சென்னைச் சிவப்பு. காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையத்தில் அதைத்தான் வளர்த்து மேம்படுத்துகிறார்கள். அந்தச் செந்நிறம் வெயிலுக்குக் குடை. பெரியவரின் ஆடு வெளியூர்ச் சந்தையில் வாங்கிய கலப்பு. காது ரோஜா நிறம், மேலே முடியும் குறைவு. ஆஸ்திரேலியாவின் மெரினோ ஆடுகளுக்கும் இதே கதிதான். உடம்பைக் கம்பளி மூடிக்கொள்ளும். காதும் மூக்கும், வாலை ஒட்ட நறுக்கினால் அதன் அடிப்பக்கமும் வெயிலில் வேகும். புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணுவை வருடக்கணக்காகச் சிதைத்துச் சிதைத்து ஒருநாள் புற்றாக்கிவிடும்.

"நெறி கட்டினா சீக்கு உள்ள இறங்கிடுச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகவே இதை எழுதுகிறேன்.

தோலின் மேலடுக்கில் கிளை பரப்பிய செல்கள் உண்டு. 1868-ல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றைக் கண்டுபிடித்து, நரம்பைச் சேர்ந்தவை என்று நினைத்தார். உண்மையில் அவை காவலாளிகள். புற்றுச் செல்லின் துணுக்கைக் கவ்விக்கொண்டு நிணநீர் வழியே நெறிக்குப் போய்க் காட்டும். அங்கே கூடியிருக்கும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களில் அந்த அடையாளத்தோடு பொருந்துவது ஒன்றிரண்டு இருக்கும். அது பல்கிப் பெருகும். நெறி அதனாலும் வீங்கும். பெருகிய படை ரத்தத்தில் கலந்து, காதுக்கே திரும்பி வந்து புற்றுச் செல்லைக் கொல்லப் பார்க்கும்.

இந்தப் போக்குவரத்தை நமக்குக் காட்டிக்கொடுத்ததில் ஆட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1960-களில் கான்பெராவில் பீட் மோரிஸ் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஆட்டின் நிணநீர்க் குழாயில் மெல்லிய குழலைச் செருகி, நெறியிலிருந்து வெளியேறும் செல்களை நாள்கணக்கில் சேகரித்தார்கள். ஆடு அதுபாட்டுக்குத் தீவனம் மென்றுகொண்டிருக்கும்.

பின் ஏன் புற்று ஜெயிக்கிறது? 1970-களில் மார்கரெட் கிரிப்கே என்ற ஆராய்ச்சியாளர் எலிகளில் ஒன்றைக் கவனித்தார். புற ஊதாக் கதிரால் உண்டான கட்டியை வேறு எலிக்கு ஒட்டினால், அதன் உடல் அதை விரட்டிவிடும். முன்பே கதிர் பட்ட எலியிலோ கட்டி வளரும். வெயில் புற்றையும் உண்டாக்கி, காவலையும் தூங்கவைக்கிறது. எனக்கு இன்றும் இதுதான் ஆத்திரமூட்டும் செய்தி.

காவலைத் தட்டி எழுப்பவும் வழி தேடியிருக்கிறார்கள். கிண்டியில் 1948 முதல் தயாரான பி.சி.ஜி. தடுப்பூசி காசநோய்க்கானது. அதே மருந்தை மாட்டின் கண்புற்றில் ஊசியாகப் போட்டுக் கட்டி சுருங்கக் கண்டார்கள். மனிதரின் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 1976 முதல் அது சிகிச்சையாகவே வளர்ந்தது.

பெரியவருக்கு நான் சொன்ன பதில்: "கைக்குத் தெரியாதுங்க ஐயா. படை கூடினாலும் வீங்கும், புற்று இறங்கினாலும் வீங்கும். ஊசி குத்தித்தான் பார்க்கணும்." நெறியில் ஊசி குத்தி உறிஞ்சியதைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. முழுக்க வெள்ளணுக் கூட்டம்.

பாதிக் காதை வெட்டி எடுத்துத் தைத்தேன். தையல் பிரிக்க வந்த நாளில் நெறி பாதியாக வற்றியிருந்தது. பெரியவரின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். வெகுநேரம் அவர் விரலை எடுக்கவில்லை.