இரு பட்டியல், ஒரு வரிசை

வரிசைப்பட்ட இரண்டு எண் அணிகளை, வரிசை கெடாமல் ஒன்றாக்குவது எங்ஙனம்? கணிப்பொறி பயிலும் மாணவர் எவரும் சந்திக்கும் வினா இது. ஜாவா மொழியில் இதற்குரிய வழியை ஈண்டு கூற விழைகிறேன்.

பாலக்காட்டு மாவட்டத்து எலப்புள்ளி நெல் விளையும் ஊர். அங்கே இரண்டு பாடசேகரங்கள், கன்னி மாத அறுவடைத் தேதிகளை வரிசையாக எழுதி வைத்துள்ளன எனக் கொள்வோம். முதற்பட்டியல்: 3, 8, 15, 21. இரண்டாம் பட்டியல்: 5, 8, 12. நெல்லை நிறுக்கத் தராசோ ஒன்றே! ஆகவே ஒரே பட்டியல் வேண்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக எழுதி, மீண்டும் முதலிலிருந்து வரிசைப்படுத்தலாமே என்பீர்கள். அவ்வாறு செய்தால், முன்பே அமைந்திருக்கும் ஒழுங்கு வீணாகிவிடும்.

முதலில் 7 இடங்கள் கொண்ட புதிய அணியை அமையுங்கள். இரு பட்டியல்களின் தலைப்பிலும் ஒவ்வொரு விரலை வையுங்கள். விரல் சுட்டும் எண்களுள் சிறியதைப் புதிய அணியில் எழுதி, அந்த விரலை மட்டும் நகர்த்துங்கள். 3, 5 என வரும். அடுத்து 8-உம் 8-உம் எதிர்ப்படுகின்றன. சமமாயின் முதற்பட்டியலுக்கே முதலிடம் என்பது விதி. மற்ற 8 அதன்பின் வரும். பிறகு 12. ஐந்தே ஒப்பீடுகள்! இத்தகைய இரு பட்டியல்களுக்கு ஆறுக்கு மேல் எந்நாளும் தேவைப்படா.

இப்போது இரண்டாம் பட்டியல் முடிந்தது. இங்கேதான் விழிப்பு வேண்டும். எஞ்சிய 15, 21 இரண்டையும் ஒப்பீடின்றி அப்படியே எழுத வேண்டும். மறந்தால் என்னாகும்? ஜாவாவில் புதிய முழு எண் அணியின் இடங்கள் யாவும் 0 எனத் தொடங்குவன. எனவே பிழை என்று எவ்வித அறிவிப்பும் எழாது. கடைசி இரண்டு இடங்களில் 0, 0 என்றே நிற்கும். அந்த இரு உழவர் நெல்லும் நிறுவைக்கு வாராமல் களத்தில் கிடக்கும்!

மற்றொன்று: விரல் எல்லைக்குள் உள்ளதா என்று முதலில் நோக்கி, அதன்பின்னரே எண்களை ஒப்பிடுக. முறை மாறினால், இல்லாத இடத்தைத் தேடி நிரல் இடையிலேயே நின்றுவிடும்.

1945-இல் ஜான் வான் நாய்மன் இவ்வாறு இணைத்து வரிசைப்படுத்தும் நிரலொன்றை வகுத்தார். ஜாவா வெளிவந்ததோ 1995-இல். மொழி புதிது, முறை பழையது. நண்பர்களே, நிரல் எழுதி முடித்ததும் கடைசி இடத்தை ஒருமுறை பாருங்கள். அங்கேதான் யாரோ ஒருவர் விடுபட்டிருப்பார்.