பூங்காவுக்கு ஈடு பூங்காவே: கிழக்கேகோட்டை எழுப்பும் கேள்வி

புது தில்லி: திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்துக்குக் காத்திருப்போரும், சாலை பஜாரில் சுமை இறக்கிவிட்டுச் சற்றே இளைப்பாற வருவோரும் நாடும் வெட்டவெளிகள் காந்தி பூங்காவும் புத்தரிக்கண்டம் திடலும். புத்தரி என்றால் புது அரிசி. கண்டம் என்றால் வயல். ஒரு காலத்தில் நெல் விளைந்த அந்நிலம் இன்று மாநகராட்சியின் பொதுத் திடல். அரசியல் கட்சிகளின் பொதுக்கூட்டங்களும் பொருட்காட்சிகளும் அங்கு நடைபெறுகின்றன. முன்னாள் முதல்வர் ஈ.கே. நாயனார் பெயரில் பூங்காவும் அங்கு உள்ளது.

இத்தகைய திடல் ஒன்றை ஒரு கல்லூரிக்கு வேலியிட்டுக் கொடுத்துவிட்டால் என்னவாகும்? மாணவர்களுக்கு விளையாட இடம் கிடைக்கும். மற்றவர்களுக்கு வாயிற்கதவு அடைபடும். இழந்த பூங்காவுக்கு ஈடாக வேறொரு பூங்காவை மக்களுக்குத் தர வேண்டிய சட்டக் கடமை யாருக்கு உள்ளது? நாடாளுமன்ற உறுப்பினர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி இது.

கிழக்கேகோட்டை வட்டாரத்துக்கு நிலப் போராட்டம் புதிதல்ல. அருகிலுள்ள அட்டக்குளங்கரையில், அரசுப் பள்ளி வளாகத்தின் ஒரு பகுதியில் பேருந்து நிலையமும் வணிக வளாகமும் கட்ட 2010-களில் திட்டமிடப்பட்டபோது, கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்டோர் எதிர்த்துக் களமிறங்கினர். அங்கு கல்வி நிலத்தைக் காக்க மக்கள் திரண்டனர். கல்வியின் பெயரால் பொது நிலம் கேட்கப்படும்போது எதிர்ப்பது அதைவிடக் கடினம். கேட்பவரின் நோக்கமும் நல்லதாகவே இருக்கும்.

நீதிமன்றமே அரண்

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்கு வழங்கியது செல்லாது என்று 1991-ல் நீதிபதிகள் தொம்மன், சகாய் ஆகியோர் தீர்ப்பளித்தனர். தில்லி சரிதா விகாரில் பூங்கா நிலத்தை மழலையர் பள்ளிக்கு ஒதுக்கியது 1995-ல் ரத்தானது. லக்னௌவில் பூங்காவுக்கு அடியில் கட்டப்பட்ட வணிக வளாகத்தை இடித்து, பூங்காவை மீட்டமைக்குமாறு 1999-ல் உத்தரவிடப்பட்டது.

ஆயினும், இவையனைத்தும் யாரேனும் வழக்குத் தொடுத்ததால் கிடைத்த பாதுகாப்பு. வழக்காட வசதியற்றோர் வாழும் பகுதியில் பூங்கா பறிபோனால் கேட்பாரில்லை.

காட்டுக்கு உண்டு, பூங்காவுக்கு?

வன நிலத்தைப் பிற பணிக்கு எடுத்தால் மாற்றுக் காடு வளர்க்க வேண்டும் என்பது 1980-ம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தையொட்டி நடைமுறையில் உள்ள விதி. அதற்கான நிதியைக் கையாள 2016-ல் தனிச் சட்டமே நிறைவேறியது. நகரப் பூங்காக்களுக்கு நாடு தழுவிய அத்தகைய சட்டம் இல்லை. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவை அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணைப்படி நகராட்சிகளின் பணிகளில் சேர்ந்தவை. தமிழகத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்களைப் பாதுகாக்க 1959-லேயே சட்டம் இயற்றப்பட்டது.

மாநில அதிகாரத்தில் தலையிடாமல் மத்திய அரசு என்ன செய்ய முடியும்? அமெரிக்காவின் 1965-ம் ஆண்டு நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டம் இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மத்திய நிதியுதவி பெற்ற பூங்காவைப் பொதுமக்களின் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து மாற்ற வேண்டுமெனில், அந்நாட்டின் உள்துறை ஒப்புதல் தேவை. குறைந்தபட்சம் அதே சந்தை மதிப்பும், ஏறத்தாழ அதே பயனும் உள்ள மாற்று நிலத்தையும் தர வேண்டும். பணம் கட்டி விலகிவிட முடியாது. கல்லூரிக்காக எடுத்தாலும் இதே விதிதான்.

அங்கும் ஓட்டைகள்

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. நியூயார்க் பிராங்க்ஸ் பகுதியில் பேஸ்பால் அரங்கம் கட்ட 2006-ல் பூங்கா நிலம் எடுக்கப்பட்டது. ஈடாக அமைக்கப்பட்ட திடல்களில் முக்கியமான ஒன்று 2012-ல்தான் திறக்கப்பட்டது. ஒரு சிறுவனின் விளையாட்டுப் பருவமே இடையில் கழிந்துவிட்டது.

அதே நகரில், நியூயார்க் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் திட்டத்தால் பாதிக்கப்படும் நான்கு துண்டு நிலங்கள் பூங்காவே என வாதிட்டவர்கள் 2015-ல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்தில் தோற்றனர். மக்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தி வந்தபோதிலும், நிரந்தரப் பூங்காவாக ஒதுக்கும் எண்ணம் நகர நிர்வாகத்துக்கு ஐயமின்றி இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். ஆவணத்தில் இல்லாத பூங்காவுக்குச் சட்டத்தில் இடமில்லை.

நிபந்தனை தேவை

இந்தியாவில் 2015-ல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் பூங்காக்களுக்கும் மத்திய நிதி ஒதுக்கப்பட்டது. திருவனந்தபுரமும் அதில் இடம்பெற்றது. அந்நகரம் 2017-ல் பொலிவுறு நகரங்கள் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது. இனி இதுபோன்ற நிதி வழங்கும்போதே, "பூங்காவை மூடினால் மாற்றுப் பூங்கா" என்ற நிபந்தனையையும் இணைக்கலாம். நிதியை ஏற்கும் உள்ளாட்சி, நிபந்தனையையும் ஏற்றதாகிவிடும்.

ஆனால், மாற்று நிலம் என்பது பூங்காக்களைப் பண்டமாற்றுச் செய்யும் உரிமமாகிவிடக் கூடாது. வேறு இடமே இல்லை என்று முதலில் நிறுவ வேண்டும். புதிய பூங்கா திறந்த பிறகே பழையதை மூட வேண்டும். அது அதே மக்கள் நடந்து செல்லும் தூரத்தில் அமைய வேண்டும். நகருக்கு வெளியே பத்து ஏக்கர் கொடுத்தாலும், கிழக்கேகோட்டையில் பேருந்துக்கு நிற்கும் முதியவருக்கு அது பூங்கா ஆகாது.