பழைய பைக்கா? பணம் கட்டு!

தெருவில் போகும் பைக்குகளைக் கவனித்திருக்கிறீர்களா, குட்டீஸ்? சில வண்டிகள் புகையே தெரியாமல் போகும். சில பழைய வண்டிகளோ, பின்னால் வருபவர் மூக்கைப் பொத்திக்கொள்ளும்படி புகையைக் கக்கிக்கொண்டு போகும்.

இங்கிலாந்தின் தலைநகரான லண்டனில் அப்படிப்பட்ட பழைய பைக்கை ஓட்டினால், ஒரு நாளைக்கு 12 பவுண்டு 50 பென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கும் மேல்! ஏன் இப்படி?

முதலில் சலுகை

2003 பிப்ரவரியில் லண்டன் நகரின் மையப் பகுதியில் 'நெரிசல் கட்டணம்' அறிமுகமானது. கார் உள்ளே வந்தால் அன்றைக்கு 5 பவுண்டு. ஆனால், பைக்குகளுக்குக் கட்டணம் இல்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் பல பைக்குகள் நிற்கலாம் அல்லவா? அவற்றால் நெரிசல் குறையத்தான் செய்யும். நெரிசல் கட்டணத்தில் பைக்குகளுக்கு இன்றும் இந்தச் சலுகை உண்டு.

நெரிசல் ஒரு பிரச்னை என்றால், புகை இன்னொரு பிரச்னை.

ஒன்பது வயதுச் சிறுமி

லண்டனின் லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாமல் ஓடும் 'சவுத் சர்க்குலர்' சாலைக்கு அருகே ஒரு சிறுமி வசித்தாள். அவள் பெயர் எல்லா. ஆஸ்துமாவால் பல முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவள், 2013-ல் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு 9 வயது. அவளுடைய அம்மா விடாமல் போராடினார். கடைசியில் 2020 டிசம்பரில், எல்லாவின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். பிரிட்டனில் இப்படிப் பதிவானது அதுவே முதல் முறை.

புகைக்குக் கட்டணம்

காற்றைச் சுத்தமாக்க, 2019 ஏப்ரல் 8-ல் லண்டனின் மையப் பகுதியில் இன்னொரு கட்டணம் வந்தது. இது அதிகப் புகை விடும் வாகனங்களுக்கு மட்டும். 2021-ல் இந்தப் பகுதி பெரிதாக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் முழுவதும் நடைமுறைக்கு வந்தது.

இதில் பைக்குகளுக்குச் சலுகை இல்லை. 'யூரோ 3' என்ற புகை அளவுக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. பொதுவாக 2007 ஜூலைக்குப் பிறகு பதிவான பைக்குகள் இதில் தேறிவிடும். நம் நாட்டு வண்டிகளுக்கு உள்ள 'பி.எஸ்.4', 'பி.எஸ்.6' எல்லாம் இந்த யூரோ அளவுகளைப் பார்த்து உருவானவைதான்.

'பைக் கொஞ்சம் பெட்ரோல்தானே குடிக்கும்?' என்று கேட்கிறீர்களா? உண்மைதான். அதனால் பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு குறைவாகவே வரும். ஆனால், நுரையீரலைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு போன்றவை வேறு. புதிய வண்டிகளின் புகைக்குழாயில், நச்சு வாயுக்களை மாற்றும் ஒரு கருவி இருக்கும். பழைய பைக்குகள் பலவற்றில் அது இல்லை.

ஒரு கணக்கு

இந்தக் கட்டணம் தவிர, பிரிட்டனில் வருடாந்திர வாகன வரியும் உண்டு. கார்களுக்கு 2001-ல் கார்பன் டை ஆக்சைடு அளவைப் பார்த்து இந்த வரி போடும் முறை வந்தது. பைக்குகளுக்கோ இன்ஜின் அளவுதான் கணக்கு. 2025 ஏப்ரல் நிலவரப்படி, 150 சிசி வரை வருடத்துக்கு 26 பவுண்டு. 600 சிசிக்கு மேல் 121 பவுண்டு. அதுவரை வரியே கட்டாத மின்சார பைக்குகளும் அப்போது முதல் வரி கட்டுகின்றன.

இப்போது கணக்குப் போடுங்கள். பழைய 125 சிசி பைக்கை லண்டனில் மூன்று நாள் ஓட்டினால் 37 பவுண்டு 50 பென்ஸ். ஒரு வருட வரியையே தாண்டிவிட்டது! புதிய 1000 சிசி பைக்குக்கோ, வருட வரியோடு சரி. தினக் கட்டணம் இல்லை.

யாருக்குக் கஷ்டம்?

புதிய பைக் வாங்க வசதியுள்ளவர் தப்பித்துவிடுவார். பழைய பைக்கில் வேலைக்குப் போகும் ஏழைக்குத்தான் சிரமம். அதனால், பழைய பைக்கைக் கழித்துக் கட்டினால் 1,000 பவுண்டு தரும் உதவித் திட்டம் ஒன்று இருந்தது. அது 2024-ல் முடிந்துவிட்டது. இதில் ஒரு வேடிக்கை, 40 வயதைத் தாண்டி 'வரலாற்று வாகனம்' என்று பதிவான பைக்குகளுக்கு தினக் கட்டணமும் இல்லை, வருட வரியும் இல்லை!

பலன் கிடைத்ததா? இந்தத் திட்டம் இல்லாமல் இருந்தால் இருந்திருக்கும் அளவைவிட, லண்டன் சாலையோரக் காற்றில் நைட்ரஜன் டை ஆக்சைடு 27 சதவீதம் குறைந்துள்ளது என்று 2025-ல் வெளியான மேயர் அலுவலக அறிக்கை சொல்கிறது.

சுத்தமான காற்று எல்லோருக்கும் வேண்டும். அதற்கான செலவு ஏழைகள் தலையில் மட்டும் விழவும் கூடாது. நீங்கள் லண்டன் மேயராக இருந்தால் என்ன செய்வீர்கள்? அப்பா, அம்மாவுடன் பேசிப் பாருங்களேன்!