சமையல்காரன் காட்டிக்கொடுத்த கதை

ஆடிப்பெருக்கன்று சங்ககிரிக்கு மாலையோடு போகிற கார்களைக் காங்கயம் பக்கம் எல்லோரும் பார்த்திருப்போம். 1805 ஜூலை 31 அன்று தீரன் சின்னமலை தூக்கிலிடப்பட்ட இடம் அது. அவர் எப்படிப் பிடிபட்டார் என்று கேட்டால், ‘கூட இருந்த சமையல்காரன் காட்டிக்கொடுத்துட்டான்’ என்ற ஒரே பதில்தான் வரும்.

இந்தக் கதையாடல் எதை மறைக்கிறது?

தொடக்கக் கதையைப் பார்ப்போம். காங்கயத்துக்கு அருகே மேலப்பாளையத்தில் 1756இல் பிறந்த தீர்த்தகிரி, மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தாராம். சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல்லச் சொன்னாராம். பிறகு அதே மைசூருக்காக, திப்புவின் பக்கம் நின்று கும்பினியோடு சண்டை போடுகிறார். இதில் முரண் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆள்கட்டும் ஆயுதமும் உள்ள ஒரு பாளையத் தலைவன் தலையெடுக்க, மோதிக்கொள்ளும் இரண்டு பெரிய அதிகாரங்களும் அவற்றுக்கு நடுவில் ஒரு சந்தும் வேண்டும். பேரிலேயே அந்த ‘நடுவே’ இருக்கிறது.

1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கொங்கு கும்பினி கைக்குப் போனது. சந்து அடைபட்டது. ஓடாநிலையில் கோட்டை கட்டியது இதற்குப் பிறகுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போதும் கூட்டாளிகள் இருந்தார்கள். 1800 ஜூன் 3 கோவைக் கோட்டைத் தாக்குதல் தோற்றது. செப்டம்பர் 10 அன்று தூந்தாஜி வாக், ஆர்தர் வெல்லெஸ்லியின் படையிடம் செத்தார். 1801இல் விருப்பாட்சி கோபால நாயக்கர் தூக்கில். அக்டோபரில் மருது சகோதரர்களும். அதே ஆண்டு ஜூலை 31 உடன்படிக்கையில் நவாபின் கர்நாடகமே கும்பினிக்குப் போய்விட்டது. மேற்கேயும் கிழக்கேயும் ஒரே எஜமான். வரி கொடுக்காதவன் ஒண்டிக்கொள்ள இன்னொரு ராஜா இல்லை. இனிமேல் அவன் ‘கலகக்காரன்’ மட்டும்தான்.

அதற்குப் பின்னும் நாலு வருஷம் தாக்குப்பிடித்தார் என்பதுதான் ஆச்சரியம். அந்த நாலு வருஷமும் சோறும் சேதியும் கொடுத்துக் காத்தவர்கள் யார்? கதை அவர்களை விட்டுவிட்டுக் காட்டிக்கொடுத்தவனை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது. வேலைநிறுத்தம் தோற்றால் டீக்கடையில் முதலில் ‘வித்தது யாரு?’ என்றுதானே கேட்கிறோம். எதிரியின் கை எப்படி ஓங்கியது என்று கேட்பதில்லை.

துரோகிப் பட்டம் அடுப்படியில் நின்றவன் தலையில் ஏறியது தற்செயலா? அருந்ததியர் சொல்லும் வரலாறு வேறு. பொல்லான் எதிரி முகாமிலிருந்து செருப்புக்குள் ஓலை வைத்து அனுப்பிச் சின்னமலையைக் காப்பாற்றினார், அதற்காகவே சுட்டுக் கொல்லப்பட்டார் என்கிறார்கள். கவுண்டர் சங்க மேடைகளில் சமையல்காரன் பேரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பொல்லான் பேர் என் காதில் விழ ரொம்ப வருஷம் ஆனது.