புகைத்தூளும் எஃகிழையும்

கனடாவின் ஷெர்புரூக் நகரில் மகோக் ஆற்றைக் கடக்க 60 மீட்டர் நீள நடைபாலம் ஒன்று இருக்கிறது. 1997இல் கட்டியது. அதன் கான்கிரீட் தளத்தின் கனம் 30 மில்லிமீட்டர்தான். நம் வீட்டு மொட்டைமாடித் தளம் அதைவிட நான்கு மடங்கு கனமானது. இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள் உண்டு. வழக்கமான கம்பிக்கட்டு கிடையாது. வீடு கட்டும் எம்20 கான்கிரீட்டைவிட ஏறத்தாழ பத்து மடங்கு அழுத்தத்தை அது தாங்கும்.

அதன் கலவையில் முக்கியமான சரக்குகள் இரண்டு. ஒன்று சிலிக்கா ஃபியூம். சிலிக்கான் உருக்கும் மின் உலைகளின் புகையை வடிகட்டினால் கிடைக்கும் தூள் இது. முன்பெல்லாம் காற்றோடு போனது. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது, ஜல்லியையும் மணலையும் பிணைக்கும் பசையோடு சுண்ணாம்பும் உண்டாகிறது. சுண்ணாம்புக்கு வலு குறைவு. நீரில் கரையவும் செய்யும். சிலிக்கா அதோடு வினைபுரிந்து அதையும் பசையாக்கிவிடுகிறது. சிமென்ட் துகளில் நூறில் ஒரு பங்கு அளவே இருப்பதால், மிச்சமிருக்கும் நுண்ணிய இடைவெளிகளையும் அடைத்துவிடும்.

அனல்மின் நிலையச் சாம்பலும் இதே வேலையைச் செய்கிறது, ஆனால் நிதானமாக. நாம் வாங்கும் பிபிசி (PPC) சிமென்டில் பெரும்பாலும் 15 முதல் 35 சதவீதம் இந்தச் சாம்பல்தான். முழு வலுவுக்கு வர நாளாகும் என்பதால், அந்தக் கான்கிரீட்டுக்குக் கூடுதல் நாள் தண்ணீர் கட்ட வேண்டும்.

ஆனால் கான்கிரீட் இறுக இறுக நொறுங்கும் குணமும் கூடும். அழுத்தத்தை அசையாமல் தாங்கும். இழுவிசையில் ஒரு கீறல் விழுந்தால் சட்டென்று பிளந்துவிடும். இரண்டாவது சரக்கான எஃகிழை தேவைப்படுவது அங்கேதான். கீறலின் இரு கரைகளையும் நூற்றுக்கணக்கான இழைகள் பிடித்துக்கொள்கின்றன. கீறல் விரிய வேண்டுமானால் ஒவ்வோர் இழையையும் உருவி எடுத்தாக வேண்டும். உடைக்க வந்த ஆற்றல் அந்த இழுபறியிலேயே செலவாகிறது. சுற்றியுள்ள பசை இறுக்கமாக இருந்தால்தான் இழைக்கும் பிடி கிடைக்கும். தூள் தரும் வலுவுக்கு இழை காவல். இழையின் பிடிக்குத் தூள் ஆதாரம்.

சுரங்கப்பாதைச் சுவர்களிலும் தொழிற்சாலைத் தளங்களிலும் 30 முதல் 60 மில்லிமீட்டர் நீளமுள்ள, முனை வளைந்த இழைகள் பயன்படுகின்றன. பாறைச் சுவரில் இழை கலந்த கான்கிரீட்டைப் பீய்ச்சி அடித்துவிட்டால், சரியக்கூடிய பாறைக்கு அடியில் நின்று ஆட்கள் கம்பிவலை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கலவையில் இழையை மொத்தமாகக் கொட்டினால் பந்துபந்தாகச் சுருண்டுகொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தூவ வேண்டும். இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடப்பதால், வீட்டு உத்தரத்தில் இழுவிசை வரும் இடத்துக்குக் கணக்குப் பார்த்து வைக்கும் கம்பிக்கு அவை மாற்றாகாது.