திருவானைக்காவில் ஒரு யமுனா கல்யாணி

சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடையில், ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பருக்காகக் காத்திருந்தோம். அக்கா மகள் பியானோ படிக்கிறாள். “மாமா, லிஸ்ட்டும் பிராம்ஸும் எதிரெதிர்க் கட்சியாமே. நம்ம சங்கீதத்துல அப்படி உண்டா?” என்றாள்.

உண்டு. ஆனால் முதலில் அவர்கள் கதை. இருவரும் பியானோவுக்கு இசையமைத்தவர்கள். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா 1854இல் அச்சானது. சொனாட்டா என்றால் மூன்று நான்கு பாகம், நடுவே நிறுத்தம் என்பது அன்றைய வழக்கம். இவர் அரைமணி நேர இசையை ஒரே மூச்சில் ஓடவிட்டார். இன்னோர் இசையமைப்பாளர் சூமனுக்குத்தான் அதைக் காணிக்கையாக்கினார். சூமனின் மனைவி கிளாராவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. 1860இல் இந்தப் புதுப் போக்கைக் கண்டித்து ஓர் அறிக்கை வந்தது. கையெழுத்திட்ட நான்கு பேரில் பிராம்ஸ் ஒருவர். அடுத்த ஆண்டு அவர், நூறாண்டுக்கு மேல் பழைய ஹாண்டலின் மெட்டு ஒன்றை எடுத்து 25 விதமாக மாற்றி வாசித்துக் காட்டினார்.

நம் பக்கம் அறிக்கை எதுவும் இல்லை. தியாகராஜரும் (1767–1847) முத்துசுவாமி தீட்சிதரும் (மறைவு 1835) திருவாரூரில் பிறந்தவர்கள். இவர்களைக் கட்சி பிரித்தது பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள்தான். விஷயம், மேளம் எனப்படும் 72 தாய் ராகங்களை எப்படி அடுக்குவது என்பது.

“புரியல மாமா.”

மலைக்கோட்டைப் படியை நினைத்துக்கொள், அம்மா. 22ஆம் மேளம் இப்போது கரகரப்பிரியா. ஏழு சுரப் படியையும் வரிசையாக ஏறி, வரிசையாக இறங்கும் ராகம். மேள அடுக்கை வகுத்த வேங்கடமகி வழிவந்த பழைய அடுக்கில் அந்த இடம் ஸ்ரீராகத்துடையது. அது ஏறும்போது காந்தாரத்தையும் தைவதத்தையும் விட்டுத் தாவும். இறங்கும்போது ரிஷபம் வரை வந்து, திரும்ப ஒரு படி ஏறிக் காந்தாரத்தைத் தொட்டுவிட்டுத்தான் கீழே வரும். பழைய வழியில் ராகம் என்பது பாடிப் பாடி உருவான நடை. புது வழியில் படிக்கட்டைக் கட்டிவிட்டால் போதும், அதுவரை யாரும் பாடாத ராகத்தையும் அதிலிருந்து எடுக்கலாம். தியாகராஜர் எடுத்தார். கரகரப்பிரியாவில் அவர் செய்த பாட்டுகள் இல்லாவிட்டால் இன்று அந்த ராகத்துக்கு முகமே இருக்காது. பழைய அடுக்கைக் காத்தது தீட்சிதர் வீடு. அந்த வீட்டு சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யும் அந்த வரிசையில்தான் இருக்கிறது.

“அப்போ தியாகராஜர் லிஸ்ட், தீட்சிதர் பிராம்ஸ்!”

நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இதே ஒன்றாம் நம்பர் போகும் வழி. காவிரியைத் தாண்டினால் முதலில் திருவானைக்கா. அங்கே நீராக இருக்கும் லிங்கத்தின் மேல் தீட்சிதர் பாடியது ‘ஜம்பூபதே’. ராகம் யமுனா கல்யாணி, வடநாட்டிலிருந்து வந்தது. சில ஆண்டுகள் காசியில் இருந்தவர் அவர். இளவயதில் மணலியில் இருந்தபோது கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதியிருக்கிறார். இங்கிலாந்து ராஜா வாழ்த்து மெட்டுக்குக்கூட ஒன்று உண்டு. அவர் தம்பி பாலுசாமிதான் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். இவரையா பழைமைவாதி என்பது?

அடுத்து ஸ்ரீரங்கம். அரங்கன் மேல் தியாகராஜர் பாடிய பஞ்சரத்தினம் ஐந்தும் தோடி, காம்போதி, ஆரபி, தேவகாந்தாரி, சாரங்கா. புதிதாக எடுத்த ராகம் ஒன்றுகூட இல்லை. அரங்கன் சந்நிதியில், ஏற்கெனவே பலர் பாடிப் பழக்கிய ராகங்களே அவர் வாயில் வந்திருக்கின்றன. ஸ்ரீராகத்தையும் அவர் விட்டுவிடவில்லை. ‘எந்தரோ மகானுபாவுலு’ அதில்தான். அந்தந்த ஊருக்கும் தெய்வத்துக்கும் எது வேண்டுமோ அதை இருவரும் எடுத்துக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. பிராம்ஸையும் பின்னாளில் ஷோன்பர்க் ‘முற்போக்காளர்’ என்று தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை எழுதினார். ஐரோப்பிய இசையின் அடித்தளத்தையே மாற்றிய மனிதர் ஷோன்பர்க்.

டீ ஆறிப்போயிருந்தது. வண்டி வந்து நின்றது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவள் போனில் ‘ஜம்பூபதே’யைத் தேடி, இயர்போனில் ஒன்றை என் காதில் வைத்தாள். நிதானமான பாட்டு. காவிரிப் பாலம் முடிந்தபோதும் பல்லவி முடியவில்லை.